ஏலத்துக்கு முன்

கையைத் தூக்கிக் காட்டினான்.

கட்டைவிரலும் சுண்டுவிரலும் இருந்தன. நடுவே மூன்றும் இல்லை.

ஷாமியானாவுக்குள் பேச்சு நின்றது. முன்வரிசையில் ஒரு பெண்மணி வாயைப் பொத்திக்கொண்டார்.

இது நான்காவது வருடம். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே தலையைக் குனிய வேண்டும் என்பதெல்லாம் பழகிவிட்டது.

“வெடித்தோட்டா போட்டு மீன் புடிச்ச கைங்க. காவேரித்தாயே எடுத்துக்கிட்டா.”

கைதட்டினார்கள்.

தூண்டில் சங்கத்தின் செயலாளர் ரகோத்தமன் மைக்கை வாங்கிக்கொண்டார். இப்படிப்பட்டவனையே திருத்தி ஆற்றுக்குக் காவல் வைத்திருக்கிறோம் என்றார். நாம் பிடிக்கிற மகசீர் மீனை எடைபோட்டு, படம் எடுத்து, ஆற்றிலேயே விட்டுவிடுகிறோம். வெடி வைக்கிறவன் குஞ்சைக்கூட விடுவதில்லை. காவலுக்குப் பணம் வேண்டும். இனி ஏலம். தை மாதம் மூன்று நாள், பெரிய மடுவில் தூண்டில் போடும் உரிமை.

முதலில் கை, பிறகு ஏலம். அதுதான் வழக்கம். ஒரு வருடம் மாற்றிப் பார்த்தார்கள். பாதிகூடத் தேறவில்லை.

விரல்களை எடுத்தது கரும்புச்சாறு மெஷின்.

பென்னாகரம் பேருந்து நிலையம். சித்திரை வெயில். பிழிந்த சக்கையை மடித்து மறுபடி உள்ளே தள்ளியபோது கையும் சேர்ந்து போனது. பக்கத்துக் கடையில் மீன் வறுத்துக்கொண்டிருந்த பச்சியப்பன் சட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தான். சக்கரத்தைப் பின்னால் சுற்றினான். இல்லாவிட்டால் முழங்கைவரை போயிருக்கும்.

சங்கத்தில் வேலை கேட்டு வந்த அன்று ரகோத்தமன் அந்தக் கையை நெடுநேரம் பார்த்தார்.

“வெடியா?”

அவன் ஆமாம் என்றான்.

சம்பளம். காக்கிச் சட்டை. டார்ச். மகள் தருமபுரியில் நர்சிங் இரண்டாம் வருடம்.

“ஒரு நிமிஷம்.”

முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். கோயம்புத்தூர் எலும்பு டாக்டர். ஒவ்வொரு ஏலத்திலும் பெரிய தொகை அவருடையது. அவன் கையை வாங்கித் திருப்பினார். செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல் தழும்பைத் தூக்கிப் பார்த்தார்.

“வெடின்னா மூஞ்சியில ஒரு தழும்பாவது இருக்கணுமே. காது கேக்குதா உனக்கு?”

“நல்லா கேக்குதுங்க சார்.”

யாரோ சிரித்தார்கள்.

“இது நசுங்கின கை மாதிரியில்ல இருக்கு, ரகோத்தமன்.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

ரகோத்தமன் மைக்கை அணைத்தார். முகம் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தபடியே இருந்தது. குரல் மட்டும் அவனுக்கு.

“பரிசல்ல கூட ஒருத்தன் இருந்திருப்பான்ல? அவன் பேரைச் சொல்லு. போன மாசம் ரெண்டு வெடி வெடிச்சிருக்கு, இன்ஸ்பெக்டர் வேற வந்து உக்காந்திருக்கார். சொன்னா நீ நெஜம். இல்லேன்னா சட்டையக் கழட்டி வெச்சுட்டு பஸ் ஏறு.”

மைக் மறுபடி இரைந்தது.

பின்பக்கமிருந்து வறுவல் வாசனை வந்தது. சங்கத்தார் ஆற்று மீனைத் தொடமாட்டார்கள். விருந்துக்குச் சென்னையிலிருந்து ஐஸ் பெட்டியில் வஞ்சிரம் வரும். வறுக்கப் பச்சியப்பனைச் சொல்லிவிட்டது அவன்தான்.

தோட்டா போடுகிறவர்கள் நாலு பேரை அவனுக்குத் தெரியும். கரையில் தனியாக நடக்கிற காவல்காரன் அந்த நாலு பெயரையும் சொல்ல முடியாது.

ஒன்றும் செய்யாதவன் பெயரைத்தான் சொல்ல முடியும்.

சொன்னான். ஊரோடும் தகப்பன் பெயரோடும் சேர்த்துச் சொன்னான்.

டாக்டர் இன்னும் கையை விடவில்லை.

“நான் பரிசலுக்குள்ள குனிஞ்சிருந்தேங்க. அதான் மூஞ்சி தப்பிச்சிது. கையப் புடிச்சுப் பின்னால இழுத்தது அவன்தாங்க.”

அந்த இடத்தில் அவன் குரல் உடைந்தது. எந்த வருடமும் உடைந்ததில்லை.

டாக்டர் கையை விட்டார். அவன் தோளில் தட்டிக்கொடுத்தார்.

ஏலத்தில் முதல் குரல் அவருடையதுதான். பெரிய மடு போன வருடத்தைப்போல் இரண்டு பங்குக்குப் போனது. ரகோத்தமன் இன்ஸ்பெக்டரிடம் ஏதோ சொல்லிப் பின்பக்கம் கைகாட்டினார். இன்ஸ்பெக்டர் தலையாட்டினார்.

“சாப்பிட்டுட்டே பாத்துக்கலாம் சார். எங்க போயிடப் போறான்?”

முதல் பந்தியில் இன்ஸ்பெக்டர் மூன்று துண்டு கேட்டு வாங்கினார். வறுவல் பிரமாதம் என்றார்.

அவன் வேலமரத்தடியில் உட்கார்ந்தான். பச்சியப்பன் இரண்டு தட்டோடு வந்து எதிரே குந்தினான். அடுப்புச் சூட்டில் முகம் சிவந்திருந்தது. ஜெனரேட்டர் பக்கத்தில் நின்று நின்று உரக்கப் பேசினான்.

“ஒரு எழவும் காதுல விழல பங்காளி. கைதட்டு மட்டும் கேட்டுச்சு. இந்த வருசம் என்ன கதை வுட்ட?”

கேட்டுவிட்டு அவனே சிரித்தான்.

பச்சியப்பன் அவனுடைய தட்டைத் தன் பக்கம் இழுத்துத் துண்டை உடைத்தான். அவனுக்கு இரண்டு விரலால் முள் எடுக்க வராது. இத்தனை வருடமாகப் பச்சியப்பன்தான் எடுத்துக் கொடுக்கிறான். நடுமுள்ளை உருவிப் போட்டான். ஓரத்தில் நகத்தால் தடவிப் பார்த்தான். சதையைச் சோற்றோரம் ஒதுக்கினான்.

அவன் தின்றான்.

குழாயடியில் இன்ஸ்பெக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

“அடுப்புல எண்ணெய் கெடக்கு, பாத்துட்டு வரேன்.” பச்சியப்பன் எழப் போனான்.

அவன் மிச்சமிருந்த இரண்டு விரலால் வேட்டி நுனியைப் பிடித்தான்.

“இன்னொண்ணு எடுத்துக் குடுத்துட்டுப் போ.”

பச்சியப்பன் மறுபடி உட்கார்ந்தான்.