வெள்ளிக்கிழமை பார்க்க வேண்டிய வீடு

வீடு பார்க்க வந்த பெண் வாசலிலேயே நின்று துப்பட்டாவால் மூக்கை மூடினாள்.

எனக்கு முகம் சுண்டிப்போனது.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமைம்மா. டேனரி எல்லாம் லீவு. நாத்தம் வர சான்ஸே இல்ல" என்றேன்.

தரகர் வாஹித் பாஷா எங்கள் பகுதிக்கு ஆள் கூட்டி வருவது வெள்ளிக்கிழமை மட்டும்தான். தோல் தொழிற்சாலைகள் ஓடும் நாளில் வந்தால் கேட்டைத் தொடாமலே திரும்பிவிடுவார்கள். இன்று அவரே கைக்குட்டையைத் தேடினார்.

நான் முகர்ந்து பார்க்கவில்லை. பார்த்தும் பயனில்லை. சுண்ணாம்புத் தொட்டிகளுக்கு நடுவே சூப்பர்வைசராக நின்று நின்று என் மூக்கு செத்து வெகுகாலம் ஆகிறது. பாஷாவுக்குக்கூட அது தெரியாது. குறையை வெளியே சொல்வது எங்கள் குடும்ப வழக்கமில்லை.

வீட்டைப் பற்றிச் சொன்னேன். அப்பா கட்டியது. சித்தப்பா கைமாற்றி விற்றது. அதே வீட்டை நான் தலைநிமிர்ந்து திரும்ப வாங்கியது. வில்லங்கம் கிடையாது.

சௌமியா என்ற அந்தப் பெண் காதில் வாங்கவில்லை. சமையலறை, குளியலறை, சாக்கடை மூடி என்று ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டே போனாள். பின்புறம், மாடிக்குப் போகும் வெளிப்படியின் அடியில் நின்றுவிட்டாள்.

"மேல யாரு சார் இருக்காங்க?"

"யாரும் இல்ல."

இரண்டு வருடமாக எல்லோருக்கும் அதுதான் பதில். என் மகன் ஜோவின் சர்ச் வாசலில் குடித்து விழுந்த அன்றே அவனோடு பேச்சை நிறுத்திவிட்டேன். அவன் அம்மா அப்போதே போய்ச் சேர்ந்திருந்தாள். மாடி அறை அவனுக்கு, தனிப்படி அவனுக்கு. கீழே அவன் முகம் தெரியக்கூடாது. அந்தப் படிப் பக்கம் நான் தலைதூக்கிப் பார்ப்பதுகூட இல்லை. வீட்டை விற்பதும் அவனால்தான். பள்ளிகொண்டாவில் மகளோடு போய் இருந்துவிட்டால், 'ஜோவின் அப்பா' என்று என்னை யாரும் கை காட்ட மாட்டார்கள்.

இந்த வாரம் மட்டும், இரவில் அவன் படியில் தடுமாறி ஏறும் சத்தம் கேட்கவில்லை. குடியை விட்டுவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் புறப்படும்போது கீழே நின்று 'வாடா' என்று ஒரு சொல் சொல்லலாம் என்றுகூட இருந்தேன்.

சௌமியா பாஷாவின் பக்கம் திரும்பினாள். குரல் தணிந்திருந்தது.

"அண்ணே, இது தோல் நாத்தம் இல்லண்ணே. நான் நர்ஸு. எனக்குத் தெரியும்."

பாஷா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவர் வீடு அடுத்த தெரு.

"நேத்து வரைக்கும் டேனரினுதான் நெனச்சுனு இருந்தோம் சார். தெருவே அப்படித்தான் நெனச்சுது."

"மேல யாரும் இல்ல பாஷா" என்றேன்.

சொல்லிவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தேன்.

அவன் குடித்து வந்த நாட்களில் செருப்பு ஒன்று கீழ்ப்படியிலும் ஒன்று முற்றத்திலுமாகக் கிடக்கும். விடியும் முன்பே நான்தான் காலால் ஒதுக்கி மறைப்பேன்.

இப்போது கதவருகே இரண்டும் ஜோடியாக, நேராக இருந்தன.