நிவெஸின் வாய், என் குரல்

பதினாலாவது தடவையும் ஒட்டவில்லை.

"என்ன எர்சிலியா, அவ வாய் வடக்கே போகுது, உன் குரல் தெற்கே போகுது!" டப்பிங் அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து எடிட்டர் ஒரெஸ்தே கத்தினார். "இன்னும் ஒரே தடவை. ஒட்டலைன்னா அந்த முகத்தையே வெட்டிட்டு அவ முதுகு தெரியற ஷாட்டைப் போட்டுடுவேன்."

திரை முழுக்க நிவெஸின் முகம். காதலன் கப்பலேறப் போகிறான், அவள் அழுகிறாள். 'போகாதே, உன்னை விட்டால் எனக்கு யார்?' என்பது வசனம். அதை நான்தான் பேச வேண்டும்.

ஆறு வருடமாக அவள் வாய், என் குரல்.

மிலானில் உடை காட்டி நடந்துகொண்டிருந்த பெண்ணை நடிகையாக்கியதில் பாதி என் தொண்டை. அவள் மாட்ரிட், லண்டன், மணிலா என்று பறந்தாள். நான் ரோமில் டிராமில் தொங்கினேன். 'புகை படிந்த குரல்' என்று பத்திரிகைகள் அவளைப் புகழ்ந்தன. சிகரெட் பிடித்தது நான்.

படப்பிடிப்பில் பேசுவதை எங்கள் ஊரில் யாரும் பதிவு செய்வதில்லை. நிவெஸுக்கு வசனம் மனதில் நிற்காது. இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று எண்ணிக்கொண்டே அழுவாள், சிரிப்பாள், முத்தமிடுவாள். பதினொரு படம் அப்படித்தான். எண்களின் மேல் வசனத்தை ஒட்டுவது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.

இந்தப் படத்தில் அவள் எண்ணவில்லை.

உதடு படிப்பது என் தொழில். 'மழையில் நனையாதே' என்கிறாள். 'முட்டிக்குத் தைலம் போட்டாயா' என்கிறாள். காதலனிடம் பேசும் பேச்சா இது? என்னைக் கேலி செய்கிறாள் என்றே நினைத்தேன்.

அன்று அவளே வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நேரே போய்க் கேட்டுவிட்டேன்.

"ஏம்மா, பழையபடி எண்ணித் தொலைச்சா என்ன? உனக்கு விளையாட்டு, எனக்குப் பிழைப்பு."

அவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். அவளுடைய சொந்தக் குரலை அன்றுதான் முதலில் கேட்டேன். மீன் விற்கும் கரகரப்பு, கியோஜா துறைமுகத்துப் பேச்சு.

"கோச்சுக்காதீங்க சின்யோரா. எங்க ஊர்க் கொட்டகையில என் படம் ஒண்ணு விடாம அம்மா முதல் வரிசையில உக்காந்து பாக்குறாங்க. போன ஈஸ்டருக்குப் போனப்போ கையை ஆட்டி ஆட்டிக் கேட்டாங்க, 'எல்லார்கிட்டயும் என்னத்தடி எண்ணிக்கிட்டே இருக்கே?'ன்னு."

எனக்கு விளங்க ஒரு கணம் ஆனது.

என் குரலுக்கு நாடே அழுதிருக்கிறது. காது கேளாத ஒருத்தி மட்டும், முதல் வரிசையில் உட்கார்ந்து, மகளின் உதட்டில் பதினொரு படம் எண்களைப் படித்திருக்கிறாள்.

வெட்கமாக இருந்தது. திரும்பிப் போய் மைக் முன்னால் நின்றேன்.

"ஒரெஸ்தே, கத்திரிக்கோலைக் கீழ வையுங்க. ஓட்டுங்க."

விளக்கு அணைந்தது. திரையில் நிவெஸின் உதடுகள் அசைந்தன.

'அம்மா, மழையில் நனையாதே. கிறிஸ்துமஸுக்கு வந்துவிடுவேன்.'

"போகாதே, உன்னை விட்டால் எனக்கு யார்?" என்று நான் அழுதேன்.

ஒட்டிவிட்டது.