நிழலில் தெரியும் கோடு

இரண்டு வீட்டுக்குமாகச் சாளை மீன் வாங்கிக்கொண்டு கருங்கல் சந்தையிலிருந்து வரும் ஜாஸ்பர் வாசலிலேயே நின்றுவிடுகிறான். தம்பி வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் பொதுவான முற்றத்தில், முக்காலியின்மேல் ஒளிக்கோடு போட்டு மட்டம் பார்க்கும் அவனுடைய லேசர் லெவல் நிற்கிறது. குளியலறைக்கு டைல் ஒட்ட ஒரே ஒரு தடவைக்கென்று வாங்கியது. பிறகு தெருவில் அது ஏறாத வீடில்லை, ஆலயத்தில் கிறிஸ்மஸ் நட்சத்திரங்களை வரிசை பிடித்ததும் அதுதான். அப்பாவின் படத்தை நேராக மாட்டவேண்டும் என்றுதான் நேற்று தம்பி ஷாஜன் வாங்கிப்போனான். படம் இன்னும் அவன் வராந்தாவில் முகம் சுவரைப் பார்க்கச் சாய்ந்திருக்கிறது. முற்றத்தில் மதிலுக்கான கல் இறங்கிக் கிடக்கிறது. மதில் என்ற பேச்சே இதுவரை எழுந்ததில்லை. சுண்ணாம்புப் பொடியோடு குந்தியிருக்கும் கொத்தனார் தலை நிமிரவில்லை. “வெயிலுக்குக் கோடு தெரியல்ல அண்ணா,” என்கிறான் ஷாஜன், எங்கோ பார்த்தபடி. “மறைப்பா ஒண்ணு இஞ்ச வந்து நில்லு.” தம்பி சொன்னதைச் செய்தே பழகிய கால்கள், ஜாஸ்பர் வாய் திறக்கும் முன்பே போய் நிற்கின்றன. மண்ணில் விழும் அவன் நிழலுக்குள் மட்டும் பச்சைக் கோடு பளிச்சென்று தெரிகிறது. இரண்டு வீட்டுக்கும் பொதுவான கிணறு கோட்டுக்குத் தம்பி பக்கம் போய்விட்டது. கொத்தனார் நிழலின் கழுத்திலிருந்து பொடி தூவத் தொடங்குகிறார். ஜாஸ்பர் மீன் பையை மறு கைக்கு மாற்றுகிறான்.

“அனங்காம நில்லு அண்ணா,” என்கிறான் ஷாஜன். “கோடு வளைஞ்சிரும்.”