தையல்காரர் அடித்த அடி

“உங்கப்பா திருடனைப் பின்னி எடுத்துட்டார்டீ. பதினோரு அடி. தெருவே வெளியில நின்னு எண்ணிச்சு.”

போனில் அத்தையின் குரல் பூரிப்பில் மூச்சு வாங்கியது.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை அவளுக்கு. போனோடு அறை வாசலுக்கு வந்தாள். “அப்பாவுக்கு ஒண்ணும் ஆகலையே?”

“என் அண்ணனுக்கு என்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கார். மத்தியானம் சாப்பிட்டுட்டு வந்து கடையைத் திறந்தா, உள்ள திருடன். தொப்புனு அவன் விழுந்த சத்தம், ‘ஐயோ’ன்னு ஒரு அலறல். நாங்க ஓடறதுக்குள்ள கதவை உள்பக்கம் தாழ் போட்டுட்டார். ‘யாரும் வராதீங்க, இவனை நான் பார்த்துக்கிறேன்’னார். அப்புறம் பட் பட்னு அடி. அவன் கதறினது தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு. அந்த மர ஸ்கேலே ரெண்டா உடைஞ்சு போச்சுன்னா பார்த்துக்கோ.”

அந்த ஸ்கேலா? முப்பது வருடமாகத் துணி வெட்டும் மேஜையை விட்டு இறங்காத ஸ்கேல். சின்ன வயதில், பீரோவுக்கு அடியில் போன பந்தை அதை வைத்துத் தள்ளினாள் என்று அப்பா அவளோடு இரண்டு நாள் பேசவில்லை.

“கீழ விழுந்தவனையா அத்தை அடிச்சார்?”

“விழுந்தா என்ன, நின்னா என்ன? ஒரே மாசத்துல இந்தத் தெருவுல மூணு கடையில திருட்டுப் போச்சு. வெளியில இருபது பேர் ஆளுக்கொரு கட்டையோட நின்னாங்க. ஒருத்தருக்கும் சான்ஸ் கிடைக்கல. போலீஸ் வந்தப்புறம்தான் கதவையே திறந்தார். ‘இதுக்கு மேல ஒரு அடி பட்டா செத்துடுவான், ஒதுங்குங்க’ன்னு சொல்லி அவரே ஜீப்புல ஏத்திவிட்டார். நாலு பேர்கிட்ட சொல்லு, பெருமைதானே.”

அவளுக்குப் பெருமையாக இல்லை. அளவு எடுக்கும்போதுகூட ஆள் மேல் விரல் படாமல் டேப்பைப் பிடிக்கிற மனுஷர். பதினோரு அடியா?

போனை வைப்பதற்குள் சக்கர நாற்காலி வந்துவிட்டது. அதில் முப்பது வயது மதிக்கத்தக்க ஓர் ஒல்லி ஆள். வலது கையில் சாம்பல் நிறத் துணிக்கட்டு. பின்னால் இன்ஸ்பெக்டர்.

“கையும் முதுகும் எடுங்க மேடம். டாக்டர் எழுதியிருக்கார்,” என்று சீட்டை நீட்டினார். “இவனை அடிச்ச தையல்காரர், கூட்டத்துக்கு நடுவுல நின்னு என்கிட்டயே பதினோரு அடின்னு மார்தட்டுறார். எதிர்த்து வர்றவனைத் தடுக்க ஒரு அடி அடிச்சா அது தற்காப்பு. கை உடைஞ்சு கிடக்கிறவனை அடிச்சா அது வேற கதை. அவர் மேலயும் கேஸ் எழுதணும். படம் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்.”

அவள் சீட்டை வாங்கவில்லை.

“அவர் என் அப்பா சார். வேற யாரையாவது எடுக்கச் சொல்லட்டுமா?”

“யார் இருக்காங்க?”

“இன்னொருத்தர் அஞ்சு மணிக்குத்தான் வருவார்.”

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்று. “நீங்களே எடுங்க. எலும்புக்குச் சொந்தம் பந்தம் தெரியாது. டாக்டரும்தான் பார்க்கப் போறார்.”

அவள் கட்டைப் பிரித்தாள். கோட்டுக்கு உள்ளே கொடுக்கிற லைனிங் துணி, ஒரே அகலத்தில் கிழித்துச் சுற்றியிருந்தது. உள்ளே ஒரு மரத்துண்டு. அதில் பதினெட்டு முதல் முப்பத்தாறு வரை அங்குல எண்கள். உடைந்த முனை தோலில் குத்தாமல் இருக்க, துணியை இரண்டாக மடித்து அதன் மேல் வைத்துத் தைத்திருந்தது. நூல் முடியும் இடத்தில், பிரிந்துவிடாமல் இருக்க, இரண்டு பின்தையல்.

யார் கை வேலை என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

“சட்டையைக் கழட்டுங்க.”

முதுகில் ஒரு கீறல்கூட இல்லை.

படம் திரையில் வந்தது. ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தாள்.

“சார், அடியைத் தடுத்தா பெரும்பாலும் முன்கை நடுவுல உடையும். இது மணிக்கட்டுகிட்ட உடைஞ்சிருக்கு. கையை ஊனி விழுந்தா உடையுற இடம். முதுகு எலும்புல ஒண்ணுமே இல்ல. எதுக்கும் டாக்டரையும் கேட்டுக்கோங்க.”

இன்ஸ்பெக்டர் திருடன் பக்கம் திரும்பினார். “ஏன்டா, பதினோரு அடி எங்கடா போச்சு?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“அவர் அடிக்கவே இல்ல சார். அவரைப் பார்த்ததும் பதறிப்போய், சுவர் மேல இருக்கிற வென்டிலேட்டர் ஜன்னல்லேர்ந்து உள்ளயே குதிச்சேன். நானா விழுந்து கை போச்சு. வெளியில ‘விடாதே, கொல்லு’ன்னு ஒரே சத்தம். எட்டிப் பார்த்துட்டு டக்குனு தாழ் போட்டார். ஸ்கேலை முட்டியில வச்சு உடைச்சு, பாதியை என் கையில கட்டினார். மீதிப் பாதியால, தைக்க வந்திருந்த கோட்டு மூட்டையைப் போட்டு அடி அடின்னு அடிச்சார். நடுநடுவுல என்னைப் பார்த்து, ‘கத்துடா, இன்னும் சத்தமா’ன்னார்.”



இன்ஸ்பெக்டர் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார். “திருட்டுக்கு இவன் மேல கேஸ் உண்டு. உங்கப்பா மேல? இனி அந்தக் கோட்டு வந்து புகார் கொடுத்தாத்தான் உண்டு.”

மறுபடி போன் அடித்தது. அத்தைதான்.

“அவனை உங்க ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு வந்திருக்காங்களாமே. எப்படி இருக்கான்? இங்க எல்லாரும் கேக்கறாங்க.”

அவள் பாதி ஸ்கேலைக் கையில் எடுத்துக்கொண்டாள். அந்தப் பின்தையலை விரலால் தடவிக்கொண்டே, அத்தையைவிடப் பூரிப்பாகச் சொன்னாள்:

“எங்கப்பா வெளுத்து வாங்கியிருக்கார் அத்தை. வெளியில நின்ன இருபது பேருக்கு ஒரு அடிகூட மிச்சம் வைக்கல.”