முகம் தெரியாத டீச்சர்

"டீச்சர் முகமே தெரியலையே சார்! இருபது நிமிஷமும் பிள்ளைங்க முகம்தான் தெரியுது."

இளையவள் கணினித் திரையைத் தன்னோடு மார்க் போடும் மூத்தவர் பக்கம் திருப்பினாள். தொலைதூரக் கல்வியில் மழலையர் ஆசிரியர் பயிற்சி படிக்கிறவர்கள், தாங்கள் பாடம் நடத்துவதை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். இரண்டு பேர் உட்கார்ந்து பார்த்து மார்க் போடுவார்கள். இருவரும் படிவத்தில் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். படிவத்தின் கீழே பொடி எழுத்தில் ஏதோ இரண்டு வரி இருக்கும். அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

"கேமராவை மாத்தி அமுக்கியிருப்பா" என்றார் அவர், தலை நிமிராமல். "டீச்சர் முகம் பத்து நிமிஷமாவது தெரியணும்னு விதி. ஓரமா வை. அடுத்ததைப் போடு."

மார்க்கை வெட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆபீஸில் அவருக்குக் 'கத்தரி' என்று பெயர். வைத்தவர்களில் இவளும் ஒருத்தி.

"ஓரமா வெச்சா அவங்களுக்கு ஒரு வருஷம் போச்சு சார். அந்தப் பள்ளிக்கூடத்துலயே ஆயா வேலை பார்த்துக்கிட்டுப் படிச்சவங்க. பாஸானா அடுத்த மாசம் டீச்சர் வேலை. இல்லன்னா வேற ஆளை எடுத்துடுவாங்களாம். அஞ்சு நிமிஷம் பாருங்களேன்."

"தபால்ல நீச்சல் கத்துக்கிட்ட கதைதான்."

"பேச்சு வளர்ச்சிப் பாடத்தை எழுதினதே நீங்கதானே சார்?"

"எழுதினவனுக்குத்தான்மா தெரியும், அதைப் படிச்சு ஒண்ணும் ஆகப்போறதில்லன்னு. சரி, போடு."

வீடியோ ஓடியது. பதினெட்டுப் பிள்ளைகள். ஒருவன் பக்கத்துப் பெண்ணின் ஜடையை இழுத்துக்கொண்டிருந்தான். இன்னொருத்தி ஷூவைக் கழற்றி முகர்ந்து பார்த்தாள். மீன் சந்தை தோற்றது.

கேமராவுக்குப் பின்னாலிருந்து டீச்சரின் குரல் வந்தது. அதட்டவில்லை. கிசுகிசுப்பாக ஏதோ ரகசியம் சொன்னது. பிறகு இன்னும் மெதுவாக. ஜடையை இழுத்த கை நின்றது. ஷூ கீழே விழுந்தது. பதினெட்டுப் பேரும் மூச்சுக்கூட விடாமல் முன்னால் சாய்ந்தார்கள்.

இளையவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. வீட்டில் ஒரே ஒரு மகனை உட்கார வைக்க அவள் தினமும் தொண்டை கிழியக் கத்துகிறாள்.

கத்தரி பேனாவைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்தார். 'போச்சு, குற்றம் கண்டுபிடிக்க ஆரம்பிச்சாச்சு' என்று நினைத்தாள் இவள்.

"என் முயல் பொம்மையைக் காணோம்" என்றது டீச்சரின் குரல். "நான் திரும்பி நின்னுக்கறேன். கையைக் காட்டினா எனக்குத் தெரியாது. வாயால சொன்னாத்தான் கிடைக்கும். சத்தம் போட்டா முயல் ஓடிடும்."

பிள்ளைகள் அங்கும் இங்கும் தேடினார்கள். யார் கண்ணுக்கும் அகப்படவில்லை. ஜன்னலோரம், எல்லோரையும் விட்டு ஒதுங்கி, மஞ்சள் சட்டை போட்ட ஒரு குட்டிப் பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் இருந்த இடத்திலிருந்து மட்டும் அது தெரிந்திருக்க வேண்டும். கையைத் தூக்கினாள். டீச்சர் திரும்பி நிற்பது நினைவு வந்ததோ என்னவோ, கையை இறக்கிக்கொண்டாள். உதடு இரண்டு தடவை அசைந்தது.

"அடியில."

"அட, நாற்காலிக்கு அடியிலயா!" டீச்சரின் குரல் துள்ளியது. மொத்த வகுப்பும் கூச்சலிட்டுக்கொண்டு ஓடியது. சொன்னது யார் என்று யாருக்கும் தெரியவில்லை, கேமராவைத் தவிர.

"இந்த இடத்தை இன்னொரு தடவை போடு" என்றார் கத்தரி.

போட்டாள். இன்னொரு தடவை என்றார். நான்காவது தடவையும் சொன்னபோது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"சொன்னது யாருன்னு டீச்சர் கவனிக்கலைன்னு மார்க் குறைக்கப் போறீங்களா சார்? வேணும்னுதானே திரும்பி நின்னாங்க! என்ன ஒரு யோசனை அது! முகம் தெரியலைன்னா என்ன? பதினெட்டு முகத்துலயும் அவங்கதான் தெரியறாங்க. இதைவிட என்ன வேணும்?"

அவள் விறுவிறுவென்று படிவத்தில் நாற்பதுக்கு முப்பத்தெட்டு என்று எழுதி, 'முகம் தெரியாதது தொழில்நுட்பத் தவறு. ஏற்கலாம்' என்று குறிப்பும் எழுதிக் கையெழுத்துப் போட்டு அவரிடம் நீட்டினாள்.

அவர் அதை வாங்கினார். கடைசி வரி வரை படித்தார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

"என்னால கையெழுத்துப் போட முடியாதும்மா."

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. "உங்களுக்குக் கத்தரின்னு பேர் வெச்சது தப்பே இல்ல சார்! ரெண்டு வருஷம் பெருக்கித் துடைச்சுக்கிட்டே படிச்சவங்க வாழ்க்கை சார் இது!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் கோபப்படவே இல்லை.

"நீ போட்ட மார்க்ல ஒரு குறையும் இல்ல. பக்கத்து ரூம் மேடத்தைக் கூப்பிடு. அவங்க பார்த்துட்டுக் கையெழுத்துப் போடட்டும். நான் போட்டா செல்லாது."

"ஏன் சார் செல்லாது?"

அவர் படிவத்தின் கீழே இருந்த பொடி எழுத்தில் விரலை வைத்தார். அவள் குனிந்து படித்தாள்: 'இந்த வீடியோவில் இருப்பவர் எவரும் எனக்கு உறவினர் அல்லர் என உறுதியளிக்கிறேன்.'

"அந்த மஞ்சள் சட்டை என் பொண்ணும்மா" என்றார் அவர். "நாலு வயசு முடியப்போகுது, அவ ஒரு வார்த்தை பேசி இன்னிக்குத்தான் முதல் தடவையா கேக்கறேன்."