நடுவில் ஒரு சாய்கோடு

“சார், மறுபடியும் ‘பெயர் செல்லாது’ன்னுதான் வருது. எங்கப்பா வச்ச பேரு எப்படி சார் செல்லாமப் போகும்?”

சிங்கப்பூரின் மேற்குக் கோடியில் இருக்கும் பூன் லேயிலிருந்து இளமதி மூன்றாவது முறையாக அழைக்கிறாள். இணையத்தில் வேலை விண்ணப்பம் ஐந்து மணிக்கு மூடிவிடும். இப்போது நான்கு முப்பத்தெட்டு.

“லைன்லயே இருங்கம்மா, பாக்குறேன்,” என்றான் சுரேந்தர்.

டன்லப் தெருவிலிருந்த அந்த நிறுவனத்தின் இணையத்தளத்தைக் கவனிப்பவன் அவன்தான். பெயரைச் சரிபார்க்கும் பழைய கட்டளை புதிய சர்வரில் இயங்காது என்பதால், அன்று காலைதான் அதை மாற்றி எழுதியிருந்தான். முதலெழுத்தும் புள்ளியுமாகத் தன் பெயரையே இட்டுச் சோதித்தபோது, மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டது.

பக்கத்து மேசைத் திலீப் கைப்பையை மூடினான். “விடுங்கண்ணே. யாருமே அப்ளை பண்ணலைன்னா தேதியத் தள்ளிப் போடுவாங்க. நல்லதுதானே?”

“அந்தப் பொண்ணு மத்தியானத்துலேருந்து தவிக்குது, திலீப்.”

சுரேந்தர் திரையை மேலும் கீழும் உருட்டினான். குறை எதுவும் கண்ணில் படவில்லை. நான்கு நாற்பத்தொன்பது.

“உங்க பேரை அப்படியே சொல்லுங்கம்மா.”

“இளமதி, டி, ஸ்லாஷ், ஓ, மருதப்பன். ஐசியில, அடையாள அட்டையில இருக்கற மாதிரியே.”

“பேருக்குள்ள ஸ்லாஷா?”

திலீப் சிரித்துவிட்டான். “‘டாட்டர் ஆஃப்’, மருதப்பனோட மகள்னு அர்த்தம்ணே. இங்க பொறந்த நம்மாளுங்க பாதிப் பேருக்கு இருக்கும்லா. உங்க ஊர்ல கிடையாதா?”

சுரேந்தர் நெற்றியில் அடித்துக்கொண்டான். புதிய முறையில் சாய்கோடு வந்தால் கட்டளை அங்கேயே முடிந்ததாகப் பொருள். பழைய கட்டளையின் நடுவே நின்ற சாய்கோடு காலையில் பிழை காட்டியது. பெயருக்குள் இதற்கு என்ன வேலை என்று அவனே அதை நீக்கியிருந்தான்.

இப்போது அதைத் திரும்பச் சேர்த்து, அது முடிவல்ல, பெயரின் எழுத்துதான் என்று காட்ட அதற்கு முன்னால் ஒரு தலைகீழ்ச் சாய்கோட்டையும் இட்டான்.

“இப்ப அனுப்புங்க.”

நான்கு ஐம்பத்தேழு.

“போயிடுச்சு சார்!” இளமதி நீளமாக மூச்சுவிட்டாள். “ஒண்ணு கேக்கலாமா? இந்த வேலையில இப்ப இருக்கறவரு ஏன் போறாராம்?”

“வொர்க் பாஸ் நீட்டிக்கலைம்மா. ஊருக்குப் போறாரு.” சுரேந்தர் திருத்திய கோப்பைச் சேமித்தான். “ஆனா உங்களுக்குச் சிரமம் இருக்காது. பழைய கோடிங் எல்லாத்தையும் ஒழுங்குபடுத்தி வச்சிட்டுத்தான் போறேன்.”