பார்த்தாலே தெரியும்

ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எடை போட்டுவிடுவதில் ஓய்வு பெற்ற கண்காணிப்பாளருக்குத் தனிப் பெருமை. உணவகத்தில் மனைவியோடு உட்கார்ந்ததுமே, தூணோரம் வெள்ளைச் சட்டையில் கையைப் பிசைந்துகொண்டு நின்றவனை விரல் சொடுக்கிக் கூப்பிட்டார்.

"மசமசன்னு நிக்காதே. முதல்ல நண்டு சூப், கொதிக்கக் கொதிக்க. அப்புறம் முழு மீன் வறுவல், மொறுமொறுன்னு. எலுமிச்சையைத் தனியா வைக்கச் சொல்லு. மண்டையில ஏறிச்சா?"

"ஏறிச்சுங்க. ரொம்ப நன்றிங்க!" அவன் முகம் மலர்ந்து போனான்.

"பார்த்தியா? இதுங்களை அதட்டினாத்தான் வேலை நடக்கும்" என்றார் மனைவியிடம்.

"மெதுவாப் பேசுங்க, காதுல விழப்போகுது."

"விழட்டுமே!"

இன்னொரு சர்வர் வந்து கேட்டபோதும், "சொல்லியாச்சு, போ" என்று விரட்டினார்.

அரை மணி நேரமாயிற்று. பசி காதை அடைத்தது. எரிச்சலோடு திரும்பியவருக்கு ரத்தம் கொதித்தது. அந்த வெள்ளைச் சட்டைக்காரன் மூலை மேசையில் சாவகாசமாக உட்கார்ந்து மீனைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"மேனேஜர்! நான் சொன்ன சாப்பாட்டை உங்க சர்வர் என் கண்ணு முன்னாலயே முழுங்கறான். என்ன திமிர்!"

மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

"சர்வரா? அவர் சாப்பிட வந்தவர் சார். இங்க என்ன நல்லா இருக்கும்னு தெரியாம நின்னாராம். யாரோ ஒரு பெரியவர் கூப்பிட்டு அக்கறையா ஒவ்வொண்ணாச் சொல்லிக் கொடுத்தாராம். அது நீங்கதானா?"

கண்காணிப்பாளர் மெனு அட்டையை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

"சரி, எங்களுக்கும் அதையே கொடுங்க" என்றாள் மனைவி.

"மன்னிக்கணும்மா. அவர் தட்டுல இருக்கறதுதான் கடைசி மீன்."